குளக்கரையில் நாலு அடி

அத்தியாயம் 11

எல்லாம் மீன் எண்ணெயில்தான் ஆரம்பித்தது.

டாக்டரம்மா மருந்துச் சீட்டில் அதை எழுதியதும், அங்கம்மாள் அந்தச் சீட்டை நாலாக மடித்துத் தம்பி உமாபதியின் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் நாலு தலைமுறையாகப் பட்டு நெய்கிற சைவக் குடும்பம். முட்டை என்ற பேச்சே அந்த வீட்டுக்குள் வந்தது கிடையாது. அங்கே மீன் எண்ணெயா?

"அப்போ வெயிலையாவது காட்டுங்கம்மா. அதுல மீனும் கிடையாது, முட்டையும் கிடையாது" என்றாள் டாக்டரம்மா. "தினம் காலைல ஒரு மணி நேரம். மண்ணுல இறக்கி விடுங்க. பூட்டி வச்ச புள்ளைக்குக் கால்ல பலம் எப்படி வரும்?"

பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. பெயர் கலியாணசுந்தரம், செத்துப்போன தாத்தாவின் பெயர். பேச்சில் கெட்டிக்காரன். தவழ்வதில் அவனை யாரும் பிடிக்க முடியாது. ஆனால் நிற்க வைத்தால் காலை மடக்கிக்கொள்வான். பிறந்ததிலிருந்து அத்தை அங்கம்மாளின் மடிதான் அவனுக்கு ஊர், உலகம் எல்லாம்.

ஐந்து நாளாக உமாபதி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு குளக்கரைக்குப் போய் வந்தான். போனதும் தோள், வந்ததும் தோள். ஆண்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. பையனும் மேலேயிருந்து சிரித்தான். மண்ணில் மட்டும் கால் படவில்லை.

ஆறாம் நாள், மார்கழி இருபத்திரண்டு. விடிகாலையில் பையன் இரண்டு தும்மல் போட்டான்.

இரண்டே இரண்டுதான். பக்கத்தில் படுத்திருந்த தாய் நீலாம்பாள் எண்ணிக்கொண்டாள். அடுப்படியில் இருந்த அங்கம்மாளும் எண்ணியிருக்கிறாள் என்பது, அவள் சாம்பிராணிக் கரண்டியோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

"இன்னிக்கி யாரும் வெளிய போவ வோணாம்."

"சும்மா தும்மினான் அண்ணி. தொட்டுப் பாருங்க, உடம்பு சூடே இல்ல."

"தொட்டுப் பார்க்காமயா பேசறேன்? ஒரு இருமல், ஒரு தும்மல் வந்தாலும் இந்த ஊர் சுத்தறது நிக்கணும்னு அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க."

"அவ்ளோதான்."

குழித்தறியில் இறங்கி உட்கார்ந்திருந்த உமாபதி தலையைத் தூக்கினான். "பனி எறங்கிப் போனப்புறம், வெயில் நல்லா வந்தப்புறம் போனா இன்னாக்கா?"

"நீ தறியப் பாரு. கல்யாணப் புடவை. பொழுது சாயறதுக்குள்ள அறுத்துக் குடுக்கணும்னு நீதான சொல்லிக்கினு இருந்தே?"

உமாபதி தறியைப் பார்த்தான். அக்காவிடம் அவனுக்கு அவ்வளவுதான் முடியும்.

நீலாம்பாளுக்குப் பதில் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவள் தாமல் பெண். ஏரிக்கரையில் ஓடித் திரிந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு தெருவுக்குள்ளேயே ஒருத்தி பத்து வருஷம் எப்படி இருக்க முடியும் என்று அங்கம்மாளைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறாள். இப்போது தன் பிள்ளையும் அதே தெருவுக்குள் உட்கார்ந்துவிடுவானோ என்று பயம் வந்தது.

எட்டு மணிக்கு அங்கம்மாள் இரண்டு வீடு தள்ளிப் பாவு பிணைக்கப் போனாள். பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. உட்கார்ந்தால் பதினோரு மணிக்கு முன்னால் எழுந்திருக்க முடியாது.

கூடத்துக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக வெயில் ஒரு முழத் துண்டாகத் தரையில் விழுந்திருந்தது. பையன் தவழ்ந்து போய் அதற்குள் கையை வைத்தான். வெயில் நகர்ந்தது. கையையும் நகர்த்தி வைத்தான். மறுபடி நகர்ந்தது. மறுபடி வைத்தான்.

நீலாம்பாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கம்பளிக் குல்லாவை எடுத்து அவன் தலையில் மாட்டினாள்.

தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத் தரையோடு தரையாகப் பாதங்கள்தான் முதலில் தெரியும். மனைவியின் பாதம் கொல்லைப்பக்கம் போவதை உமாபதி பார்த்தான். கொல்லைக் கதவு கிறீச்சிடும். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவன் மிதியை ஓங்கி ஓங்கி மிதித்தான். தறிச் சத்தத்தில் கதவுச் சத்தம் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் நீலாம்பாளுக்கு மூச்சு தாராளமாக வந்தது. காற்றில் குளிர் இருந்தது, ஆனால் முதுகில் விழுந்த வெயில் இதமாக இருந்தது. வாசல்களில் பூசணிப்பூ வைத்த கோலங்கள் இன்னும் கலையவில்லை. அடுத்த தெருவில் நீளத்துக்குப் பாவு கட்டிக் காய வைத்திருந்தார்கள். அரக்குச் சிவப்பு. பையன் இடுப்பிலிருந்து எட்டிக் கையை நீட்டினான்.

"தொடக் கூடாது ராசா."

"தொதக் கூதாது" என்று அவனும் சொன்னான்.

சர்வதீர்த்தக் குளத்துத் தண்ணீரின் மேல் புகை மாதிரிப் பனி எழுந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் ஒரு பெரியவர் குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். கரையில் அறுவடை முடிந்த வயலுக்கு ஓட்டிப் போகிற வாத்துக் கூட்டம் ஒன்று இளைப்பாறிக்கொண்டிருந்தது. இருநூறு வாத்தாவது இருக்கும். மேய்ப்பவர் கோலை ஊன்றிப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

நீலாம்பாள் பையனைக் கரையில் இறக்கினாள். வழக்கம்போலக் காலை மடக்கினான். அவள் அவசரப்படவில்லை. கூடவே மண்ணில் உட்கார்ந்தாள். மண் ஈரமாக இருந்தது. அவன் அதைத் தொட்டான், கசக்கினான், கொஞ்சம் வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினான். பக்கத்துக் கல்தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வாத்துகளைப் பார்த்தான்.

ஒரு வாத்து மட்டும் கூட்டத்தை விட்டு விலகிப் படிக்கட்டுப் பக்கம் நடந்தது.

பையன் தூணிலிருந்து கையை எடுத்தான்.

ஒன்று. இரண்டு. நீலாம்பாளுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. கை தட்டலாமா, கூப்பிடலாமா, மூச்சு விடலாமா என்று தெரியாமல் அப்படியே இருந்தாள். மூன்று. அப்போதுதான் அவன் போகிற பக்கம் படிக்கட்டு என்பது உறைத்தது.

"கண்ணு! ராசா! தம்பி, நில்லுடா!"

அவன் காதில் விழவே இல்லை. கண்ணும் ராசாவும் வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிற சங்கதி. நான்காவது அடியும் வைத்துவிட்டான்.

"கலியாணசுந்தரம்!"

மாமனாரின் பெயர். இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷத்தில் அவள் வாயால் ஒரு தரம் கூடச் சொன்னதில்லை. சொந்தப் பிள்ளையையே பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ராசா, கண்ணு என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தவள். பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுகிற உரிமை அங்கம்மாளுக்கு மட்டும்தான்.

பையன் சட்டென்று நின்று திரும்பினான். திரும்பின வேகத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். நீலாம்பாள் ஓடிப்போய் வாரி எடுத்துக்கொண்டாள்.

படிக்கட்டில் இருந்த பெரியவரும் திரும்பியிருந்தார். "யாரும்மா என்னைக் கூப்ட்டது?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்லீங்க. புள்ளையக் கூப்ட்டேன்."

"அட, என் பேரும் அதான்!" பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சின்னவரு இப்பத்தான் நடை பழகறாரா?"

"இப்பத்தாங்க. இந்த நிமிஷந்தான்" என்றாள் நீலாம்பாள். சொல்லும்போதே அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

ஆனால் வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? நடந்தான் என்று சொன்னால் எங்கே என்று கேட்பார்கள். போகக் கூடாது என்று சொன்ன இடத்துக்கல்லவா போய் வந்திருக்கிறாள்?

கொல்லை வழியாகவே உள்ளே வந்தாள். தறி ஓரம் குந்தி, புருஷன் காதருகே நாலு விரலைக் காட்டினாள். உமாபதிக்குப் புரியவில்லை. "நாலு அடி" என்றாள் உதட்டால். அவன் கையிலிருந்த, ஊடை நூல் ஓட்டுகிற நாடா நழுவி விழுந்தது.

"நெசமா?"

"உஸ்ஸ்!"

பதினொன்றரைக்கு அங்கம்மாள் வந்தாள். கை கழுவினாள். குழைந்த சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "வாடா கலியாணசுந்தரம்" என்று அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு வாய் ஊட்டினாள். மூன்றாவது வாய் எடுக்கும்போது அவள் கை நின்றது.

பையனின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். கரிய களிமண், விரல் இடுக்கு வரைக்கும் அப்பிக் காய்ந்திருந்தது. நீலாம்பாள் கையைக் கழுவியிருந்தாள், வாயைத் துடைத்திருந்தாள். காலை மறந்துவிட்டாள். இத்தனை நாளும் கழுவ வேண்டிய வேலையே இல்லாத கால்.

"இது இன்னா மண்ணு?"

உமாபதி அவசரமாக நாடாவைக் கையில் எடுத்தான்.

"உன்னத்தான் கேக்கறேன் நீலா. இது கொளத்து மண்ணு. தவழ்ந்தா முட்டில இருக்கும். கால்ல எப்படி வந்திச்சி?"

"நடந்தான் அண்ணி" என்றாள் நீலாம்பாள். "நாலு அடி. தானா எழுந்து, எதையும் புடிக்காம."

அங்கம்மாள் திட்டுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் திட்டவில்லை. அந்தச் சின்னக் காலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தை நீலாம்பாள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போனாள்.

போய் வெகு நேரமாகியும் வரவில்லை. நீலாம்பாள் பையனை அப்பனிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். அங்கம்மாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் ஒரு புள்ள இருந்தான். உனக்குத் தெரியும்."

"இருந்தான்னு தெரியும். அதுக்கு மேல இந்த வீட்டுல யாரும் பேச மாட்டேங்கறாங்க."

"உன் புருஷன்தான் பேச வோணாம்னு சொல்லிட்டான். எங்க வீட்டுக்காரரு பேரு கூட இங்க கேக்கக் கூடாதுன்னு." அங்கம்மாள் கிணற்றையே பார்த்துக்கொண்டு பேசினாள். "இதே மார்கழிதான். கோயில்ல விடியறதுக்கு முன்ன சுடச்சுடப் பொங்கல் குடுப்பாங்க. அதுன்னா எம்புள்ளைக்கு அவ்ளோ ஆசை. தெனமும் நாலு மணிக்கு எழுப்பித் தூக்கிக்கினு போனேன். பத்து நாளு. பதினோராம் நாளு நெஞ்சுல சளி கட்டிச்சி. அப்புறம் நாலே நாளுதான்."

நீலாம்பாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தூக்கிக்கினு போனவ நீதானேன்னு அவரு ஒரு வார்த்தை கேட்டாரு. ஒரே ஒரு தபா. அதுவும் அழுதுக்கினேதான் கேட்டாரு. நான் பொட்டிய எடுத்துக்கினு ஐயம்பேட்டைலேர்ந்து பஸ் ஏறிட்டேன். தேடிக்கினு ரெண்டு தபா வந்தாரு. தம்பி வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டான். நானும் எழுந்து வெளிய வரல."

பக்கத்து வீட்டுத் தறி சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத் தெரியாம போனது தப்பு அண்ணி" என்றாள் நீலாம்பாள் மெதுவாக. "இனிமே அப்படிப் போவ மாட்டேன். சொல்லிட்டுப் போவேன். ஆனா தெனமும் போவேன்."

அங்கம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா என்று நீலாம்பாளுக்குப் புரியவில்லை. அங்கம்மாள் எழுந்து, ஒரு வாளி தண்ணீர் இறைத்து முகம் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். நீலாம்பாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே நிழல் விழுந்தது. அங்கம்மாள் புடவை மாற்றி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பையனை இடுப்பில் வைத்திருந்தாள். அவன் காதில் பஞ்சு, தலையில் குல்லா, அதற்கு மேல் ஒரு துண்டு. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தன.

"கெளம்பு. எங்க நடந்தான்னு காட்டு."

நீலாம்பாள் முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

தெருமுனையில் அங்கம்மாளின் நடை தயங்கியது. அதற்கு அப்பால் அவள் கால் வைத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. நீலாம்பாள் பக்கத்தில் நின்றாள். பையன்தான் கையை நீட்டி, "போ, போ" என்று அதட்டினான். அங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாண்டினாள்.

குளக்கரையில் மாலை வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. வாத்துகள் போய்விட்டன. பையனை இறக்கி விட்டார்கள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து மண்ணைத் தோண்டத் தொடங்கினான்.

"எங்கடி நடந்தான்?"

"இங்கதான் அண்ணி. சத்தியமா."

"ம்."

கால் மணி நேரம் போயிற்று. நீலாம்பாள் கை தட்டினாள், பொரி உருண்டையைக் காட்டினாள், வாத்து மாதிரிக் கத்தியும் பார்த்தாள். போகிறவர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள். பையன் பொரி உருண்டையை உட்கார்ந்த இடத்துக்கே வரவழைத்துத் தின்றான். அங்கம்மாள் முதலில் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், பிறகு மூடாமலே சிரித்தாள். அவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே நீலாம்பாளுக்கு அன்றுதான் தெரியும்.

"போதும்டி. மண்ணுல ஒக்காந்தானே, அதுவே இன்னிக்கிப் போதும்" என்றாள் அங்கம்மாள். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். குல்லாவையும் கழற்றிவிட்டு அவன் தலையைக் கோதிவிட்டாள்.

அப்போது சாலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பின்னால் கேரியரில் சாயம் தோய்த்த பட்டு நூல் மூட்டை. கட்டியிருந்த துணிக்கு வெளியே, கிளிப்பச்சையும் குங்குமச் சிவப்புமாக நூல் பிதுங்கிக்கொண்டு வெயிலில் மின்னியது.

பையன் தலையைத் தூக்கினான். தோண்டின மண்ணை உதறினான். இரண்டு கையையும் தரையில் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கி, மெல்ல நிமிர்ந்தான்.

"அண்ணி!"

"பேசாதடி!"

முதல் அடி வைத்தான்.

"ஒண்ணு" என்றாள் அங்கம்மாள், தன்னை அறியாமல். "ரெண்டு... மூணு... அடியம்மா, நாலு!" அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "அஞ்சு! ஆறு! கலியாணசுந்தரம், என் தங்கமே, ஏ..."

ஏழாவது அடியில் பையன் சைக்கிள்காரரின் காலைக் கட்டிக்கொண்டான். அங்கம்மாள் அந்தக் காலிலிருந்து பார்வையை மேலே கொண்டுபோனாள். எண்ணிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஐம்பது வயதிருக்கும் அந்த மனிதருக்கு. தலை பாதி நரைத்திருந்தது. விரல்கள் நகக்கண் வரைக்கும் சிவப்பேறியிருந்தன. அவர் பையனைப் பார்க்கவில்லை.

"அங்கம்மா" என்றார்.

நீலாம்பாள் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குமாரசாமி. அந்த வீட்டில் கேட்கக் கூடாத பெயர்.

"இந்த வழியாத்தான் வாரத்துக்கு ரெண்டு தபா நூல் குடுக்க வரேன்" என்றார் அவர். "தெருவுக்குள்ள திரும்பினதில்ல." பிறகுதான் காலைக் கட்டிக்கொண்டிருந்தவனைக் குனிந்து பார்த்தார். "தம்பி புள்ளையா?"

அங்கம்மாள் தலையசைத்தாள்.

பையன் சிவப்பு நூலைப் பிடிக்க எம்பினான். கால் தடுமாறியது. குமாரசாமியின் கை பாதி தூரம் போய் அந்தரத்தில் நின்றது.

"கை பூரா சாயம்" என்றார். "தொடலாமா?"

குளத்தில் ஏதோ மீன் துள்ளி விழுந்தது.

"புடிச்சிக்கங்க" என்றாள் அங்கம்மாள். "உழுந்துடப் போறான்."

அவர் பிடித்துக்கொண்டார். சைக்கிளை இடுப்பால் தாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும், பட்டு நூலை எடுப்பது போலப் பிடித்துக்கொண்டார். பையன் அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தான்.

வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கியது. அங்கம்மாள் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு குல்லாவை மாட்டினாள்.

"பனி எறங்கப் போவுது நீலா. வா."

பத்தடி போனதும் நின்றாள். திரும்பவில்லை. நீலாம்பாள் பக்கத்தில்தான் இருந்தாள், ஆனாலும் குளக்கரை முழுக்கக் கேட்கிற குரலில் அவளிடம் சொன்னாள்: "நாளைக்கும் நாலு மணிக்கு வருவோம்."

நீலாம்பாளுக்குத் திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. சைக்கிள் கிளம்பிப் போகிற சத்தம் மட்டும் வெகு தூரம் வரைக்கும் கேட்கவே இல்லை.

வழியெல்லாம் அங்கம்மாள் பையனிடம் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். ஏழு அடி என்று அவனுக்கே கணக்குச் சொன்னாள். நீலாம்பாளுக்கு மனம் நிறைந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கவலையும் இருந்தது. வீட்டில் புருஷன் கேட்டால்? மறைப்பதா, சொல்வதா? ஒரே நாளில் இரண்டு ரகசியம் அவளால் தாங்க முடியாது.

உமாபதிக்கு இன்னும் நாலு விரற்கடை நெய்ய வேண்டியிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு வேகமாக நெய்துகொண்டிருந்தான். இவர்கள் உள்ளே வந்ததும், நாடாவை நிறுத்தாமலே கேட்டான்.

"இன்னாக்கா, நடந்தானா?"

"நடந்தான்" என்றாள் அங்கம்மாள். "ஏழு அடி."

"ஏழா! அடி சக்கை!" அவன் முகம் மலர்ந்தது. "யாருகிட்ட நடந்து வந்தான்? உன்கிட்டயா, நீலாகிட்டயா?"

அங்கம்மாள் பையனை மெல்லக் கீழே இறக்கி, அவன் காதுப் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு தம்பியை நேராகப் பார்த்தாள்.

"உன் மாமாகிட்ட" என்றாள்.

தறி நின்றது.